துருவ ஆராய்ச்சிக்குச் சம்பளம் உண்டு

(அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சி முகாமில், நிலவியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வெளிநாடுகளில் துருவ ஆராய்ச்சி: நிதியுதவியும் வேலைவாய்ப்பும்' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. மின்விசிறி அனல்காற்றை வீசிக்கொண்டிருக்கும் இந்த அரங்கில் பனியைப் பற்றிப் பேசச் சொன்ன ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி.

'இது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கே பொருந்தும்?' என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அதனால் ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பன்னாட்டுத் துருவ ஆண்டு என்று ஒன்று உண்டு. உலக நாடுகள் கைகோத்து இரு துருவங்களிலும் ஒரே காலத்தில் பெரிய அளவில் ஆய்வு செய்வார்கள். முதலாவது 1882-83இல் நடந்தது. இரண்டாவது 1932-33. மூன்றாவது, பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு என்ற பெயரில் 1957-58. நான்காவது 2007-08. ஐந்தாவது 2032-33இல் நடத்தத் திட்டமிட்டு, அதற்கான வேலைகள் இப்போதே நடந்துவருகின்றன. இன்று உங்கள் வகுப்பில் எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு அப்போது இருபது வயது. பத்தாவது படிக்கும் பிள்ளை முதுகலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆக, நாம் பேசுவது யாரோ ஒருவருடைய பிள்ளைகளைப் பற்றி அல்ல.

நான் சொல்ல வந்தது சுருக்கமானது. துருவ ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் என்பது பல நாடுகளில் பணம் கட்டிப் படிக்கும் படிப்பு இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. இது தெரியாததால் நம் பிள்ளைகள் இரண்டு விதமாக இழக்கிறார்கள். 'நமக்கு அவ்வளவு வசதி ஏது?' என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுபவர்கள் ஒரு பக்கம். கட்டவேண்டாத இடத்தில் வட்டிக்கு வாங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு நிற்பவர்கள் இன்னொரு பக்கம்.

முதலில், துருவ ஆராய்ச்சி என்றால் என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். பென்குயினும் பனிக்கரடியும் நம் நினைவுக்கு வரும். (இரண்டையும் ஒரே படத்தில் வரைந்துவரும் பிள்ளைக்குத் தெற்கு, வடக்கு சொல்லிக்கொடுப்பது உங்கள் பொறுப்பு.) ஆனால் இந்தத் துறையின் மிகப்பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, பழைய பதிவேடுகளிலிருந்து வந்தது. அண்டார்டிகாவில் பிரிட்டனுக்கு ஹேலி என்றொரு ஆய்வு நிலையம் இருக்கிறது. 1950களின் கடைசியிலிருந்து அங்கே வானத்து ஓசோனை ஒரே வகைக் கருவியால் அளந்து எழுதிவைத்துக்கொண்டே வந்தார்கள். பெரிய பரபரப்பு இல்லாத வேலை. ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞர் 1977இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயில் சேர்ந்தபோது, கையால் எழுதிய அந்தப் பழைய அளவீடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அவரிடம் வந்தது. வசந்தகாலத்து ஓசோன் ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டே போனது அந்த எண்களில் தெரிந்தது. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1987இல், மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் ஓசோன் ஓட்டை அந்தப் பதிவேட்டிலிருந்து வந்ததுதான். செய்முறைக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதும் பிள்ளையை 'புத்தகப் புழு' என்று கேலி செய்யும் மாணவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இனி, சம்பளக் கணக்கு.

நார்வேயிலும் ஸ்வீடனிலும் முனைவர் பட்ட ஆய்வாளர் என்பவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். பத்திரிகையில் வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வருவதுபோல அந்த ஆய்விடத்துக்கு விளம்பரம் வரும். 'கடற்பனியின் தடிமனைச் செயற்கைக்கோள் தரவால் அளக்கும் திட்டத்துக்கு ஒருவர் தேவை, காலம் மூன்று ஆண்டு, இன்ன தகுதி, இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்கவும்' என்பதுபோல இருக்கும். தேர்வானால் பணி ஒப்பந்தம், மாதச் சம்பளம், விடுப்பு, வருமானவரி எல்லாம் உண்டு. நார்வேயில் அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 5 லட்சம் குரோனருக்கு மேல். நம் பணத்தில் சுமார் 40 லட்சம். உடனே கண்களை விரிக்காதீர்கள். வரி போக, அங்கே வீட்டு வாடகையும் காய்கறி விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். ஆனாலும் ஒருவர் யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்து, கொஞ்சம் ஊருக்கும் அனுப்ப முடியும்.

ஜெர்மனியில் துருவ ஆய்வின் தலைமையிடம், பிரேமர்ஹாஃபன் என்ற துறைமுக நகரத்தில் உள்ள ஆல்ஃபிரட் வெக்னர் ஆய்வு நிறுவனம். கண்டப்பெயர்ச்சிக் கொள்கை நடத்தும்போது வெக்னர் பெயரைச் சொல்கிறோமே, அவர்தான். கிரீன்லாந்துப் பனியில் 1930இல் உயிர்விட்டவர். 1980இல் தொடங்கிய இந்த நிறுவனத்திடம் 'போலார்ஷ்டெர்ன்' என்ற பனி உடைக்கும் ஆய்வுக் கப்பல் இருக்கிறது. 2019 செப்டம்பரில் அந்தக் கப்பல் நார்வேயின் துரோம்சோ துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஆர்க்டிக் கடற்பனியில் வேண்டுமென்றே உறைந்து நின்று, பனியோடு பனியாக மிதந்து, மறு ஆண்டு அக்டோபரில் திரும்பியது. 20 நாடுகளைச் சேர்ந்தவர்கள் முறைவைத்து அதில் வேலை பார்த்தார்கள். இந்த நிறுவனத்திலும் ஆய்வு மாணவருக்கு ஒப்பந்தமும் ஊதியமும் உண்டு. விளம்பரங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி திட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மேரி கியூரி அம்மையாரின் பெயரில் உள்ளது. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பொருளில் பத்துப் பதினைந்து ஆய்வாளர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கும். எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். இதில் ஒரு விதி நமக்குச் சாதகமானது. எந்த நாட்டில் வேலையோ அந்த நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. பிரான்சில் இடம் என்றால் பிரான்சிலேயே படித்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்காது, காட்பாடியில் எம்.எஸ்சி. முடித்தவருக்குக் கிடைக்கும்! விதிகளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிரிட்டனில் ஏற்பாடு சற்று வேறு. பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே கேம்பிரிட்ஜில் இருக்கிறது. ஆய்வு மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து, சர்வேயின் விஞ்ஞானி ஒருவரிடமும் வேலை கற்றுக்கொள்வார். சம்பளத்துக்குப் பதில் வரியில்லாத உதவித்தொகை. 2025-26ஆம் கல்வி ஆண்டுக்கு அது 20,780 பவுண்டு. இந்த இடங்களில் 30 சதவீதம் வரை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுக்க 2021 முதல் அனுமதி உண்டு. போட்டி கடுமை. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

ஜப்பானைப் பலர் யோசிப்பதே இல்லை. தோக்கியோவை அடுத்த தாச்சிகாவாவில் தேசியத் துருவ ஆய்வு நிறுவனம் உள்ளது. ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணமும் இல்லை, மாதச் செலவுக்கும் பணம் வரும். சென்னையில் இருக்கும் ஜப்பான் துணைத் தூதரகம் ஆண்டுதோறும் அறிவிப்பு விடும். தென்கொரியாவின் துருவ ஆய்வு நிறுவனம் இன்சியானில் இருக்கிறது. அங்கேயும் உதவித்தொகையோடு முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கலாம்.

அமெரிக்காவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அங்கே பல்கலைக்கழகத் துறைகள் ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத ஊதியம் தருவது நெடுங்கால வழக்கம், அதில் நம்மவர்கள் ஏராளம். ஆனால் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டமேற்படிப்பு ஆய்வு உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். முனைவர் பட்டத்துக்குச் சம்பளம் உண்டு, சரி. அதற்கு முன்னால் முதுகலை வேண்டுமே? வெளிநாட்டில் முதுகலை படிக்கப் பெரும்பாலும் பணம் வேண்டும். பிள்ளைகள் விழும் பள்ளம் இதுதான். நார்வேயில் முன்பு எல்லோருக்கும் கட்டணமில்லாமல் இருந்தது. 2023 இலையுதிர் காலம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு 'நார்வேயில் இலவசம் சார்' என்று இன்றும் வந்து நிற்கும் மாணவர்கள் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, சில இடங்களில் உண்டு. பிரேமர்ஹாஃபனுக்குப் பக்கத்தில் உள்ள பிரேமன் பல்கலைக்கழகத்தில் இல்லை. ஆனால் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவுத் தொகையை வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, 11 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தை மாதாமாதம் நாமே எடுத்துச் செலவழிக்கலாம் என்றாலும், முதலில் கொண்டுவந்து போட வேண்டுமே!

எங்கள் துறையில் படித்த ஒரு மாணவர். அப்பா விசைத்தறி ஓட்டுபவர். ஒருநாள் அப்பாவும் மகனுமாக வீட்டுக்கு வந்தார்கள். ஒரு முகவர் நிறுவனம், 'துருவ அறிவியல் படிப்புக்கு வெளிநாட்டில் இடம் உறுதி' என்று சொல்லி ஒன்றரை லட்சம் முன்பணம் கேட்டிருக்கிறது. மீதிக்குக் கல்விக்கடனும் அவர்களே வாங்கித் தருவார்களாம். "நகையை வச்சுக் கட்டிரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார் அப்பா. நான் பையனிடம், "தம்பி, நீ அடைய நினைப்பது முனைவர் பட்ட ஆய்விடம்தானே? அதற்கு வந்த விளம்பரம் ஒன்றை எடுத்து வா. அதில் எந்த வரியில் முன்பணம் கேட்டிருக்கிறது என்று காட்டு" என்றேன். மறுநாள் நான்கு விளம்பரங்களை எடுத்துவந்தார். எதிலும் இல்லை. நகை வீட்டிலேயே இருந்தது. பையன் இங்கேயே எம்.எஸ்சி. முடித்தார். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு விடாமல் விண்ணப்பம் போட்டார். இன்று ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பனியாறுகளைப் பற்றி ஆய்வு செய்கிறார். அந்த ஒன்றரை ஆண்டும் அவர் அப்பாவுக்கு எளிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'படிச்சு முடிச்சும் பையன் வீட்ல இருக்கானே' என்ற கேள்விக்கு ஊரில் பதில் சொன்னவர் அவர்தான்.

ஆகவே என் கருத்து இது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை முதுகலையை நம் நாட்டிலேயே, முடிந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு வெளியே போவது நல்லது. மூன்று ஆண்டு இளங்கலையும் இரண்டு ஆண்டு முதுகலையும் ஐரோப்பிய விளம்பரங்கள் கேட்கும் தகுதிக்குப் பொருந்தும். முதுகலையையே வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்றால் உதவித்தொகையோடு மட்டும் போகட்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டம் இருக்கிறது. நம் நடுவண் அரசின் சமூக நீதி அமைச்சகம் தரும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது அது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், மதிப்பெண் 60 சதவீதம், வயது 35க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு நம் மாநில அரசின் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பத்தாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். பின்னால் கடவுச்சீட்டு எடுக்கும்போது அதற்காக அலைந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

தேநீர் இடைவேளையில் ஓர் ஆசிரியை, "எங்க பள்ளியில நிலவியலே கிடையாதே சார், எந்தக் குரூப் எடுக்கச் சொல்றது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நிலவியல் கட்டாயமே இல்லை. தென்துருவத்தில் ஐஸ்கியூப் என்ற ஆய்வகம் 2010 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 86 துளைகளில் 5,160 உணர்கருவிகளை இறக்கி, விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோக்களைத் தேடுகிறார்கள். அது முழுக்க இயற்பியலும் மின்னணுவியலும். இத்தாலி தலைமையில் நடந்த ஐரோப்பியத் திட்டம் ஒன்றில், 2025 ஜனவரியில் அண்டார்டிகாவில் 2,800 மீட்டர் ஆழம் வரை துளைத்து, 12 லட்சம் ஆண்டுகளுக்கும் பழமையான பனியை உருளை உருளையாக எடுத்தார்கள். அந்தப் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்களை அளப்பவர்கள் வேதியியல் படித்தவர்கள். துளைக்கும் கருவியைச் செய்பவர்கள் இயந்திரப் பொறியாளர்கள். கடல்வாழ் உயிர்களுக்கு விலங்கியல், தாவரவியல். பருவநிலை மாதிரிகளுக்குக் கணிதமும் கணினியும். சொல்லப்போனால் துருவ ஆய்வாளர்களில் பலர் தம் வேலைநாள்களில் பெரும்பகுதியைக் கணினி முன்னால்தான் கழிக்கிறார்கள். துருவத்தைப் பார்க்காமலேயே துருவ ஆராய்ச்சி செய்பவர்களும் உண்டு. எனவே கணிதத்தை விட்டுவிடாமல் எந்த அறிவியல் பிரிவையும் எடுக்கலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போகும் பிள்ளைகளையும் இதில் சேர்த்துப் பேச வேண்டும். ஜெர்மனியின் நியூமாயர் நிலையத்தில் அண்டார்டிகக் குளிர்காலம் முழுவதும் ஒன்பது பேர் தங்குவார்கள். நால்வர்தான் அறிவியல் வேலைக்கு. மற்றவர்கள் ஒரு மருத்துவர், ஒரு சமையல்காரர், மூன்று தொழில்நுட்பப் பணியாளர்கள். மின்னாக்கி நின்றுபோனால் விஞ்ஞானமும் நின்றுபோகும், மனிதர்களும் உறைந்துபோவார்கள். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பிளம்பர், தச்சர், டீசல் மெக்கானிக், சமையல்காரர் வேலைகளுக்கு ஆண்டுதோறும் ஆள் எடுக்கின்றன. ஆனால் இதில் பிள்ளைகளுக்கு வீண் ஆசை காட்டக்கூடாது. இந்த வேலைகளுக்கு அந்தந்த நாட்டில் பணிபுரியும் உரிமை முன்கூட்டியே வேண்டும். நம் ஊரிலிருந்து நேரே விண்ணப்பிக்க முடியாது. 'அண்டார்டிகாவில் வெல்டர் வேலை, டாலரில் சம்பளம், முன்பணம் இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அது என்ன என்று உங்களுக்கே விளங்கும்.

ஆனால் அதே வேலைக்கு நம் நாட்டின் வழி இருக்கிறது. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்ற இரண்டு நிலையங்களை நடத்துகிறது. மைத்ரி 1989 முதல், பாரதி 2012 முதல். அந்த நிலையங்களுக்கு வாகன மெக்கானிக், எலெக்ட்ரீசியன், வெல்டர், கொதிகலன் இயக்குபவர், தச்சர், கிரேன் இயக்குபவர், சமையல்காரர், செவிலியர் ஆகியோரை ஒப்பந்த முறையில் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். வெளிநாடு என்ற நம் தலைப்புக்கு இது சற்றே வெளியே என்றாலும், போய் இறங்கும் இடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அதே கண்டம்தான். ஐ.டி.ஐ. சான்றிதழோடு அங்கே போகலாம் என்பது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கே புதிய செய்தியாக இருக்கும்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் 'அவ்வளவு தூரமா?' என்று தயங்குவார்கள். 1983-84 இந்தியக் குழுவிலேயே சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் அண்டார்டிகா போய்வந்தார்கள். இஸ்ரோவின் மங்கள மணி 56 வயதில் பாரதி நிலையத்துக்குப் போய் 403 நாள்கள் தங்கினார். அந்தக் குளிர்காலக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள், விவாதம் குறையும்.

உடல்நலத்தை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. குளிர்காலத்தில் தங்குபவர்களுக்கு முழு உடல் பரிசோதனை நடக்கும். பல்லைக்கூட விடமாட்டார்கள். சொத்தைப்பல்லோடு போனால் அங்கே பல் மருத்துவமனை கிடையாது. 1961இல் சோவியத் நாட்டின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனித் ரோகசோவ் என்ற மருத்துவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. நிலையத்தில் வேறு மருத்துவர் இல்லை. வானிலையால் விமானமும் வரமுடியாது. ஒருவர் கண்ணாடி பிடிக்க, ஒருவர் கருவிகளை எடுத்துக் கொடுக்க, தமக்குத் தாமே அறுவைசிகிச்சை செய்து பிழைத்தார். நம் மைத்ரி நிலையம் இருப்பதும் அதே ஷிர்மாக்கர் பகுதியில்தான். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் அன்றைக்கு மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இனி நம்முடைய வேலை. பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் கல்லூரிகளில் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'இவர் அடக்கமானவர், ஒழுக்கமானவர், நன்னடத்தை உடையவர், எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்.' இதைப் படிக்கும் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு ஒன்றும் விளங்காது. அவர் கேட்பது வேறு. சோதனை தவறிப்போனபோது இந்த மாணவர் என்ன செய்தார்? தானாக எழுப்பிய கேள்வி ஏதாவது உண்டா? கூட இருப்பவர்களோடு சண்டையில்லாமல் வேலை செய்வாரா? இருட்டில் நாலு மாதம் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறவருக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் சம்பவங்களை அந்தந்த நேரத்தில் யாராவது குறித்துவைத்திருந்தால்தான் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இப்படிப்பட்ட இரண்டு மூன்று வரிகளை எழுதிவையுங்கள். கடிதம் எழுதப்போவது கல்லூரி ஆசிரியர்தான் என்றாலும், பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் விண்ணப்பத்துக்கு அந்தப் பக்கம் உதவும். தன்னைப் பற்றி நான்கு உண்மையான வரிகள் எழுதத் தெரியாமல் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய விண்ணப்பங்கள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. எல்லாம் 'சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியல் என்றால் உயிர்' என்று தொடங்கும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு பற்றித்தான் பயம். அதைவிட, பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் எளிய ஆங்கிலம் தேவை. வாரம் ஒருமுறை ஒரு சோதனையை ஐந்து வரியில் எழுதவைத்தாலே போதுமான தொடக்கம்.

பள்ளியிலேயே தரவைத் தொடவும் முடியும். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசியப் பனி மற்றும் உறைபனித் தரவு மையம், 1978இன் கடைசி முதல் செயற்கைக்கோள்கள் அளந்த கடற்பனிப் பரப்பை இலவசமாகத் தருகிறது. நம் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் அந்த எண்களை இறக்கி, ஆண்டுதோறும் செப்டம்பர் மாத அளவை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. ஏறக்குறைய இந்தியாவின் பரப்பு. கோடு கீழே இறங்குவதைத் தன் கையால் வரைந்த பிள்ளை அதை மறக்காது.

அருகிலேயே போய்ப் பார்க்கவும் இடங்கள் உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2014இல் ஆர்க்டிக்கின் கோங்ஸ்ஃபியோர்டன் கடலில் இறக்கிய இந்தியக் கருவித் தொகுதியை வடிவமைத்ததில் பங்குகொண்டது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்துக்குத் திருநெல்வேலியில் ஆய்வகம் இருக்கிறது. அதே நிறுவனம் மைத்ரியிலும் புவிக்காந்தத்தை அளக்கிறது. கல்லூரி சேர்ந்த பிறகு, இந்திய அறிவியல் கழகங்கள் தரும் இரண்டு மாதக் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் எழுத ஓர் அனுபவம் கிடைக்கும்.

ஆய்வில் நுழைந்த பிறகு கிடைக்கும் சிறு உதவிகள் தனி. அண்டார்டிக ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் குழுவை 'ஸ்கார்' என்பார்கள். இந்தியா 1984 முதல் அதன் முழு உறுப்பினர். அதனால் நம் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் செய்பவர்கூட, வேறொரு உறுப்பு நாட்டு ஆய்வகத்தில் சில மாதம் வேலை செய்ய 15,000 டாலர் வரை அங்கே கேட்கலாம். இளம் துருவ ஆய்வாளர் சங்கமான 'அபெக்ஸ்' அமைப்பில் சேரக் கட்டணமில்லை. வேலை விளம்பரங்களும் இணையவழி வகுப்புகளும் அதன் வழியே வரும். ஆசிரியர்களுக்கென்றே துருவக் கல்வியாளர் பன்னாட்டு அமைப்பு ஒன்று 2012 முதல் இயங்குகிறது.

டிசம்பர் முதல் நாள் அண்டார்டிகா நாள். 1959இல் அந்தத் தேதியில்தான் அண்டார்டிக உடன்படிக்கை கையெழுத்தானது. அதையொட்டி பிரிட்டனின் இளம் துருவ ஆய்வாளர்கள் ஒரு கொடித் திட்டம் நடத்துகிறார்கள். அண்டார்டிகாவுக்கென்று பிள்ளைகள் வகுப்பில் ஒரு கொடி வடிவமைத்து அனுப்பினால், அங்கே போகும் ஆய்வாளர் ஒருவர் அதைக் கொண்டுபோய்ப் படம் எடுத்து, சான்றிதழோடு பள்ளிக்கு அனுப்பிவைப்பார். எந்த நாட்டுப் பள்ளியும் கலந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பதிவு டிசம்பருக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். ஆகவே காலாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே கொடியை வரையச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.